அவர் பங்கு நடை

வைத்தியர் அவருக்கு வேப்பங்கொழுந்து சொன்னால் அந்த வீட்டில் எல்லோரும் வேப்பங்கொழுந்து தின்ன வேண்டும். அவருக்குப் பல் வலித்தால் அன்றைக்கு யாருக்கும் கடித்துத் தின்னும்படி எதுவும் கிடையாது, கஞ்சிதான். காய்ச்சலுக்கு ஊசி போடக் கம்பவுண்டர் வந்தால், கையை நீட்டுவதற்கு முன் மனைவியைக் காட்டி, "அவளுக்கும் ஒரு சத்து ஊசி போட்டுருங்க, ரெம்ப மெலிஞ்சிட்டா" என்பார். அவள் மெலிந்தவள் அல்ல. முதல் ஊசி அவளுக்கு. அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தன் சட்டைக் கையைச் சுருட்டுவார்.

அவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். திண்டுக்கல்லில், மலைக்கோட்டையைச் சுற்றிப் போகும் சாலையில், அவருடைய வீட்டின் பின்கட்டில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அவருக்குச் சொந்தமாகப் புகையிலைக் கிடங்கு இருந்தது. அவர் வருவதற்கு முன்பே புகையிலை வாசம் வரும். நான் மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, ஊரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரத்தம், சிறுநீர், சளி முதலியவற்றைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். அவர் என்னை "டெஸ்ட்டுப் பாப்பா" என்று கூப்பிடுவார். நான் அவரை ஐயா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன்.

அவருடைய நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கஞ்சர் இல்லை. நோய் தெரிவதற்கு முந்திய காலத்தில் சனிக்கிழமைதோறும் அல்வா வாங்கி வருவார். பின்கட்டுக்குத் தனிப் பொட்டலம் வரும். கிடங்கில் புகையிலை கட்டும் பெண்களுக்கும் போகும். தனியாக எதையும் தின்ன அவரால் முடியாது. அவர் வாயில் போடும்போது எதிரில் இன்னொரு வாய் அசைய வேண்டும். இனிப்புக்கு இருந்த அதே வழக்கம் கசப்புக்கும் இருந்தது. அம்மாவுக்கு இது பிடிபட வெகுநாள் ஆயிற்று. வேப்பங்கொழுந்து உருண்டை முதன்முதலாகப் பின்கட்டுக்கு வந்த காலையில், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "ஏண்டி, நாம இங்க வாடகைக்கு வந்தமா, வைத்தியத்துக்கு வந்தமா?"

கொடுத்தனுப்பிய உருண்டையைத் தின்றோமா என்று சாயங்காலம் அவரே வந்து கேட்டார். அம்மா தின்றதாகச் சொன்னாள். "கசந்துச்சா?" என்றார். "ரெம்பக் கசந்துச்சுங்க" என்றாள் அம்மா. அவர் முகம் தெளிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவர்போல வீட்டுக்குள் போனார்.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குத் திரும்பிப் போனபோது, அவர்களிடம் வேலை பார்த்த டிரைவர் அதை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து கிடங்கில் விட்டுப் போனார். வெள்ளை உடம்பு. ஒரு காது மட்டும் காப்பி நிறம். கால்கள் அத்தனை குட்டை. நடந்தால் வயிற்று மயிர் தரையைக் கூட்டும். பெயர் டெய்சி. அக்கா வாயில் அது டேசி. அவளுக்குப் பிள்ளை இல்லை. டேசி வந்த பிறகு அவள் அடுப்படியில் தனியாகப் பேசிக்கொள்வது நின்றது. பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு முகம் கிடைத்துவிட்டது. டேசி பின்கட்டுக் கிணற்றடியிலிருந்து புறப்பட்டு, வாசல் தாண்டி, தெருக்கோடி வேப்பமரம் வரை போகும். அங்கே மோந்து பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். தன் அளவு அதற்குத் தெரிந்திருந்தது.

அவருக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் பார்த்தது நான்தான். கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசல் இருக்கும். அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிக அதிகமானால் செங்கல் நிறத்தில் நிற்கும். அவருடையது ஆரஞ்சு.

டாக்டர் அவரிடம் பேசியது என் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. இனிப்பு கூடாது. அரிசிச் சோறு குறைய வேண்டும். தினமும் நடக்க வேண்டும், ஒருநாளும் விடக் கூடாது.

"யாரு யாரு?" என்று கேட்டார் அவர்.

"யாரு யாருன்னா?"

"எனக்கு மட்டுந்தானா?"

டாக்டர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்பது தடுப்புக்கு இந்தப் பக்கமே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு கூடையோடு கிளினிக்குக்கு வந்தார். கூடையில் பாட்டில்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். இது அவளுது, இது சமையக்காரியுது, இது கணக்கப்பிள்ளையுது, இது கிடங்கு வண்டிக்காரனுது. கடைசியாக ஒரு சின்ன மருந்துப் புட்டி.

"இது யாருது, ஐயா?"

"நாயோடது. அதுக்கும் பாத்துரு. அதுவும் என் சோத்தைத்தான திங்குது."

எல்லாவற்றையும் காய்ச்சினேன். எல்லாம் நீலம். வரிசையாக நிறுத்திய குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாக் காய்ச்சுனியாம்மா?"

"காய்ச்சினேன், ஐயா."

"இன்னொருக்காக் காய்ச்சு."

இன்னொரு முறையும் காய்ச்சினேன். நீலம். தன் வீட்டில் யாருக்கும் நோயில்லை என்று கேட்டு அவமானப்பட்ட ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். நாயின் குழாயை மட்டும் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். அதன் மேல் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்போல.

அதற்கடுத்த நாள் நடை தொடங்கியது. மலைக்கோட்டையைச் சுற்றிவிட்டு, சாணார்பட்டிக்குப் போகும் சாலையில் ஊர் எல்லையைத் தாண்டி, ஒரு புளியந்தோப்பு வரை போய்த் திரும்புவது. அவர் முன்னால் போவார். பின்னால் அக்கா. அவள் கையில் கயிறு, கயிற்றின் முனையில் டேசி. முதல் நாள் டேசி தெருக்கோடி வேப்பமரத்தடியில் நின்று, மோந்து பார்த்துவிட்டு, வழக்கப்படி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் வந்து கயிற்றை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அக்காவிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

சில வாரங்களில் டேசி நொண்டியது. திரும்பி வந்ததும் கிணற்றடி ஈரத்தில் நான்கு காலையும் பரப்பி வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருமுறை தட்டும். அக்கா அதன் பாதங்களுக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டே ஒருநாள் என்னைக் கேட்டாள்.

"தங்கச்சி, நீ படிச்ச பிள்ளை. இம்புட்டூண்டு நாயி ஒரு நாளைக்கு எம்புட்டுத் தூரம் நடக்கலாம்?"

நான் படித்தது மனித உடம்பிலிருந்து வருபவற்றைப் பற்றி. நாயின் நடை அதில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த டாக்டர் ஒரு பசுவைப் பார்த்து முடித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி மாடு எம்புட்டு இழுக்கும்னு கேப்பாக. எரும எம்புட்டு கறக்கும்னு கேப்பாக. நாய் எம்புட்டு நடக்கும்னு இந்த ஊர்ல நீதாம்மா மொதல்ல கேட்டிருக்க" என்று சிரித்தார். ஆனால் பதிலை ஒழுங்காகச் சொன்னார். நான் அதை மனதில் வரிசையாகப் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறுவதற்கு முன் காலையில் கால் மணி, மிஞ்சினால் அரை மணி. சாயங்காலம் அதே அளவு. ஒரேயடியாக நீட்டக் கூடாது. நம்முடைய ஒரு எட்டு அந்தக் குட்டைக் காலுக்கு நாலைந்து எட்டு. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத இடத்தில் பாதமும் பொறுக்காது. கயிறு முன்னால் இழுபட்டால் இன்னும் நடக்கும். பின்னால் இழுபட ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். நாக்கு அகலமாகி ஓரம் சுருண்டால் நிழலும் தண்ணீரும். நடை கோணினால் உடனே தூக்கிவிட வேண்டும். படுத்து எழ மறுத்தால் அதற்குமேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிரயோசனம் இருக்காது. மறுநாள் காலை கயிற்றைப் பார்த்து ஒளிந்துகொண்டால், நேற்று நடந்தது அதிகம்.

டேசி தினமும் கயிற்றைப் பார்த்து ஒளிந்துகொண்டிருந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நேராக அவரிடமும் போய்ச் சொன்னேன். முன்கட்டில் உட்கார்ந்து பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை கையிலும் ஒரு டம்ளர் இருந்தது.

"ஐயா, டேசிக்கு இவ்வளவு நடை ஆகாதுன்னு மாட்டு டாக்டர் சொல்றாரு."

"எம்புட்டு ஆகுமாம்?"

"காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. அதுக்கு மேல வேண்டாம்."

"எனக்கு எம்புட்டு சொன்னாரு உங்க டாக்டரு?"

"ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாதுன்னாரு."

"ஒரே வீட்டுச் சோத்தைத் திங்கிறோம். எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணா?"

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, ஐயா. அதுக்கு இல்லையே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லேல்ல? அப்ப என்னைய விட அது நல்லாவே நடக்கலாம்" என்றார். கணக்கப்பிள்ளை பாகற்காய்ச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

செருப்பில் ஒரு ஆணி மேலே எழும்பி அவர் பாதத்தில் குத்தியிருக்கிறது. அதோடு எத்தனை நாள் நடந்தாரோ தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் வலி தெரிவது குறையும். ஒருநாள் முற்றத்தில் ஈரத் தடம் பதிந்திருப்பதைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தாள். டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்.

"அப்ப நடை?"

"நடை கூடாது."

"ஒருநாளும் விடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான."

"இப்ப நாந்தான் கூடாதுங்கிறேன்."

அவருக்கு அது சரியாகப் படவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவும் டேசியும் புளியந்தோப்பு வரை போய் வந்ததும், வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, "இது உங்க பங்கு. இனி என் பங்கு" என்பார். அவர்கள் மறுபடி போக வேண்டும்.

இரண்டாவது நடையில், தெரு திரும்பியதும் அக்கா டேசியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்குக் கைப்பிள்ளை போலத் தோன்றும். தெரு முனையில் இறக்கிவிட்டு நடத்திக்கொண்டு வருவாள். மூன்றாம் நாள் அவர் நாயைப் பிடித்துத் திருப்பிப் பாதத்தைப் பார்த்தார்.

"காலு சுத்தமா இருக்கே?"

அதன்பிறகு அக்கா இறக்கிவிடும் முன் அதன் நான்கு பாதங்களிலும் செம்மண்ணைத் தேய்த்தாள். அது கொஞ்ச நாள் செல்லுபடியானது. ஒரு விடுமுறை நாளில் நானும் கூடப் போய், மண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். அக்கா சிரித்துவிட்டாள். "பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரி இருக்கு, தங்கச்சி."

யார் சொன்னார்களோ, ஒருநாள் அவர் குதிரை வண்டி பிடித்துக் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, பின்னாலேயே வந்தார். முன்னால் அக்காவும் நாயும், பின்னால் வண்டி. வேகமாகவும் இல்லை, நிற்கவும் இல்லை. தோப்பு வந்ததும் திரும்பச் சொன்னார். அங்கே வண்டிக்காரர் இறங்கிவிட்டார்.

"செத்த நேரம் நிறுத்துறேங்க, குதிரைக்குத் தண்ணி காட்டணும்."

"காட்டு, காட்டு. வாயில்லா சீவன்" என்றார் அவர்.

குதிரை குடித்த வாளியில் மிச்சமிருந்ததை அக்கா டேசிக்குக் காட்டினாள். தண்ணீர் விஷயத்தில் அவர் தாராளம்.

அந்த வாரம் கிளினிக்குக்கு வண்டியில் வந்து, தன் பாட்டிலை என் முன்னால் வைத்துவிட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "பாரு, இன்னைக்கு எறங்கியிருக்கும். ரெண்டு நடை நடந்திருக்கு." நான் காய்ச்சினேன். நிறம் ஆரஞ்சையும் தாண்டிப் போயிருந்தது.

"எப்படி ஏறும்? நடந்திருக்கே."

"நீங்க நடக்கலையே, ஐயா."

"என் வீட்டுல நடந்திருக்கு."

"நடக்கிற உடம்புக்குத்தான் சர்க்கரை குறையும். அக்கா நடந்தா உங்களுக்குக் குறையாது."

அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். "ஏம்மா, பழனிக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிறான். முடியாமப் போயிருது. அவனுக்காக இன்னொருத்தன் நடந்து போறான். சாமி ஏத்துக்கிறாரா இல்லையா?"

"அது சாமி. இது சர்க்கரை."

"சாமியே ஏத்துக்கிறாரு. சர்க்கரை என்ன அதுக்கு மேலயா?"

இதற்கு என் படிப்பில் பதில் இருந்தது. அவர் காதில் அதற்கு இடம் இல்லை.

தைப்பூசம் நெருங்கியது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தார்கள். சர்க்கரை இறங்கினால் மனைவியோடு பழனிக்கு நடந்து வருவதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். சர்க்கரை இறங்கவில்லை. நேர்த்திக்கடனை முதலில் செலுத்தினால்தான் இறங்கும் என்று இப்போது மாற்றிவைத்துக்கொண்டார். புண்ணோ பாதத்தின் ஓரத்தில் கறுத்திருந்தது.

"நேந்துகிட்டது ரெண்டு பேரு" என்றார் அக்காவிடம். பின்கட்டுக்குக் கேட்டது. "உன் பங்குக்கு நீ. என் பங்குக்கு அது போகட்டும்."

"டேசி வேணாங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"அப்ப என் பங்கு?"

"போகையில என் பங்கு. வரையில உங்க பங்கு. ரெண்டு வழியும் நானே நடந்துர்றேன்."

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்ததை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு உசுருதான் கணக்கு. சாமியை ஏமாத்தக் கூடாது."

புறப்படும் நாள் காலையில் காவடிக் கூட்டம் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. கூட்டத்துக்குத் தலைவராகப் போன பெரியவர், நாய்க்குக் காப்பு என்றதும் தயங்கினார். "முருகனுக்கு மயிலு வாகனம், சேவல் கொடி. நாயி மட்டும் ஆகாதா?" என்று இவர் கேட்டார். பெரியவர் மஞ்சள் கயிற்றை இவர் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அக்காவுக்குக் கையில் கட்டியாயிற்று. இவர் உட்கார்ந்தபடியே டேசியைத் தன் மடிக்கு இழுத்து, கழுத்தில் காப்பைக் கட்டினார். நிதானமாக, இறுக்காமல், இரண்டு விரல் நுழைய இடம் விட்டுத்தான் கட்டினார். நாய் அவர் கையை நக்கியது.

"நாய்க்குக் காப்புக் கட்டுன வீட்டை இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

நான் ஒரு பையில் பஞ்சு, கட்டுத் துணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். தெரு முனை வரை கூடப் போனேன். "தெரு திரும்பினதும் தூக்கிக்கங்க, அக்கா. பழனி வரைக்கும் இறக்க வேண்டாம். மண்ணு எங்கயும் கிடைக்கும்."

அவள் தலையாட்டவில்லை. "காப்புக் கட்டியிருக்கே, தங்கச்சி."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவுகளுக்குத் தெரியாது." மலைக்கோட்டைக்கு அப்பால் மேற்கே பார்த்தாள். "அங்க இருக்கவருக்குத் தெரியும். தூக்கிட்டுப் போனா நடந்ததா ஆகுமா? அப்புறம் அவுக காலு என்ன ஆகும்?"

புருஷனை ஏமாற்றத் தினமும் செம்மண் தேய்த்த கை அது. இப்போது அந்தக் கை கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்தது. டேசி கிளம்பியது. வேப்பமரத்தடியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு காவடிக்காரர்களின் கால்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது.

அக்கா ஐந்தாறு நாள் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பை இருந்தது. கயிறு பைக்குள் இருந்தது. நேராகப் பின்கட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் கேட்காமலே சொன்னாள்.

"நீ சொன்ன எல்லாத்தையும் பாத்துக்கிட்டே போனேன், தங்கச்சி. ஒண்ணு விடாம வந்துச்சு. ரெட்டியார்சத்திரம் தாண்டினதும் கயிறு பின்னால இழுத்துச்சு. ரோட்டுல புறங்கையை வச்சுப் பாத்தேன், பொறுக்கல. ஓரமாப் புல்லு மேல நடத்துனேன். நீ குடுத்த துணியைக் காலுல சுத்தினேன். நாக்கு அகலமாச்சு. தண்ணி காட்டுனேன். ஒரு மரத்தடியில உக்காந்து உக்காந்து போனோம். கூட வந்தவுக எல்லாம் முன்னால போயிட்டாக. ராத்திரி ஒரு சத்திரத்துல படுத்தோம். காலையில பைக்குள்ள தலையை விட்டு ஒளிஞ்சுகிருச்சு."

ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், தக்காளித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள் வரப்பேறி வந்திருக்கிறாள். "ஏனுங்க அம்மிணி, இத்தினிக்காணு நாயெ எதுக்குங்க நடத்தீட்டுப் போறீங்க? தூக்கிக்கலாமுங்களே."

"நேத்திக்கடனுங்க" என்றாளாம் அக்கா.

"நாய்க்குங்களா?"

"அவுகளுக்கு."

அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒரு மண்சட்டியில் மோர் கொண்டுவந்து வைத்தாள். டேசி மோந்து பார்த்தது, குடிக்கவில்லை. அக்கா எழுந்தபோது அதுவும் எழுந்தது. கோணலாக நடந்தது. சாலையோரத்தில் படுத்தது. மறுபடி அக்கா நடந்தால் தானும் எழ வேண்டும் என்று முன்னங்காலை மட்டும் ஊன்றியது.

"அப்பவாவது தூக்கினீங்களா, அக்கா?"

"மடியில போட்டுக்கிட்டேன். ஆனா நடக்கல. உக்காந்துதான் இருந்தேன். தூக்கிட்டு ஒரு எட்டு வச்சாலும் நேத்தி கெட்டுப்போகும்ல." கிணற்றுச் சுவரின் பாசியை விரலால் சுரண்டினாள். "உசுரு போனப்புறந்தான் காப்பைக் கழட்டினேன்."

தக்காளித் தோட்டத்து வரப்பில் புதைத்துவிட்டு, அவள் மட்டும் பழனி வரை நடந்து, மலையேறி, தன் பங்கைச் செலுத்திவிட்டு வந்திருந்தாள்.

முன்கட்டில் அவர் கட்டிலில் படுத்திருந்தார். அந்த அறைக்குள் போகும்போதே எனக்குத் தெரிந்தது. அழுகும் சதைக்கு ஒரு வாசம் உண்டு; புகையிலையால் அதை மறைக்க முடியாது. அக்கா வாசற்படியில் நின்றாள்.

"எது வரைக்கும் நடந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒட்டன்சத்திரத்துக்கு இங்கிட்டு."

"பாதிக்கு மேல இருக்குமா?"

"இருக்கும்."

"இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாம்" என்றார். கோபமாக அல்ல. பரீட்சையில் சில மார்க்கில் தவறிவிட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "பாட்டிலு அங்க இருக்கு, டெஸ்ட்டுப் பாப்பா. பாத்துச் சொல்லு" என்றார்.

கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினேன். செங்கல். திரும்பி வந்து சொன்னதும், தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். "அது முழுசா நடக்கல. அதான்."

அக்கா இதைக் கேட்டாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்து, அதிலிருந்து விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். வெளியே வந்தபிறகு என்னிடம், "செத்த தூரம் தூக்கியிருந்தாக்கூட இதைத்தான சொல்லியிருப்பாக" என்றாள். அது கேள்வியா, கணக்கா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருந்ததால் நானும் கூடப் போக வேண்டியிருந்தது. சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நேரம் கடத்தாமல் சொன்னார்: முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து.

அவர் அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பயப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு, முதல் நாள் கிளினிக் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நான் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"எனக்கு மட்டுந்தானா?"

சர்ஜனுக்குப் புரியவில்லை. "என்ன கேக்குறாரு?" என்று என்னைப் பார்த்தார்.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் சர்ஜனின் பூட்ஸ். பிறகு நர்ஸின் வெள்ளைச் செருப்பு. பிறகு என் செருப்பு. கடைசியாக, பழனிக்கு நடந்ததில் கொப்பளம் உடைந்து தோலுரிந்து இன்னும் ஆறாமல் இருந்த அக்காவின் வெறும் பாதங்கள். அங்கே வந்ததும் அவர் பார்வை நின்றது. வேறெங்கும் போகவில்லை.

அக்கா ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். குனிந்து, சேலையின் கொசுவத்தைக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு பாதங்களையும் மூடிக்கொண்டாள்.